அறுபத்தோராவது பிள்ளை

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனானே லிஃப்ட் மெக்கானிக், அவன் பட்டினி கிடந்தானோ என்று நீங்கள் கவலைப்பட்டிருப்பீர்கள். வேண்டாம். தெருமுனை வரை போய்விட்டு அவனே திரும்பி வந்தான். அடுப்படியில் நின்றபடியே தட்டைத் துடைத்து வைத்ததுபோல் சாப்பிட்டு முடித்தான். கோபம் வேறு, பசி வேறு என்பது அந்த வீட்டு ஆண்களுக்குப் பிறக்கும்போதே தெரிந்த விஷயம்.

தட்டு காலியானது. சண்டை அப்படியேதான் இருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு. அண்ணன் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆப்பரேட்டர், தம்பி லிஃப்ட் மெக்கானிக். இருவரின் மனைவிமாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள்.

வீட்டில் மூத்தவள் வைத்ததுதான் சட்டம். பள்ளிக்கூடத்தில் இளையவள்தான் சீனியர். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவள் அவள். மூத்தவளோ பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வெளியூர் வேலைக்குப் போன பிறகுதான் பரீட்சை எழுதி வந்தாள். பக்கத்தில் உட்கார வைத்து, திட்டித் திட்டிப் படிக்க வைத்ததே இளையவள்தான்.

அதனால் ஒரு வேடிக்கை. அடுப்படியில் "அக்கா, உப்பு போடட்டுமா?" என்று கேட்டு நிற்கிறவள், பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் "டீச்சர், அந்த ஜன்னலைத் திறந்து வைங்க" என்பாள். மூத்தவளும் வாய் பேசாமல் திறந்து வைப்பாள். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் அதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு குறையும் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கு ஒரு கண்டம் வந்திருக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது நாடு முழுவதற்குமான கல்விக் கொள்கை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும். அதற்கு மேல் ஒரே ஒரு தலை கூடினாலும் மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டு. பள்ளியில் இருப்பது மூன்று பேர்: தலைமையாசிரியையும் நம் ஓரகத்திகள் இருவரும். சில குடும்பங்கள் வீடு மாறிப் போனதில் பிள்ளைகளின் எண்ணிக்கை அச்சாக அறுபதில் வந்து நின்றுவிட்டது.

கொள்கையைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது என்பது ஒரு மனுஷி பெயரையும் முகத்தையும் பொருத்தி மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான். வகுப்பில் நின்று தொண்டை காய்ந்த யாரோதான் அதை எழுதியிருக்க வேண்டும். தொல்லை எங்கே என்றால், காகிதத்தில் மூன்று பேர் இருக்கும் பள்ளியில் வகுப்பில் நிற்பது இரண்டு பேர்தான். தலைமையாசிரியைக்குக் கூட்டம், அறிக்கை, அந்த அறிக்கையைப் பற்றி இன்னொரு கூட்டம். மூன்று இரண்டானால் வகுப்பில் நிற்பது ஒருத்தி.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் போக வேண்டும் என்பது விதி. அதாவது மூத்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் ஆள் தேவையாம். வாரம் முழுவதும் அங்கேயே தங்கி, விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வர முடியும்.

இதற்கு இளையவள் கண்டுபிடித்த வைத்தியம்தான் சண்டைக்குக் காரணம். அவள் மகள் பட்டாணி நான்காம் வகுப்பு, தனியார் பள்ளியில் டையும் பெல்ட்டுமாக வேனில் போய் வருகிறவள். அவளை அங்கிருந்து எடுத்துத் தன் பள்ளியில் சேர்த்துவிட்டால் அறுபத்தொன்று. மூத்தவளும் எங்கும் போக வேண்டாம். டீச்சரம்மாவுக்கு ஊருக்குத்தான் உபதேசம், தன் பிள்ளைக்கு வேறு பள்ளி என்று தெருவில் பேசுகிறவர்களின் வாயையும் அடைத்துவிடலாம்.

லிஃப்ட் மெக்கானிக் குதித்தான். அவன் படித்த காலத்தில் ஒரே வகுப்பில் எழுபதுக்கு மேல் பிள்ளைகளாம். கடைசி பெஞ்சில் இருந்த அவனை ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை வாத்தியார் "ஏய், நீ" என்றுதான் கூப்பிட்டாராம். என் மகள் கை தூக்கினால் அதை ஒரு டீச்சர் பார்க்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பள்ளி என்றான். ஓர் ஆசிரியருக்கு இத்தனை பிள்ளை என்ற வட்டாரத்துச் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது என்று இளையவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். லிஃப்டில் சராசரி பார்ப்பதில்லை, இந்த லிஃப்டில் எத்தனை பேர் என்றுதான் மணி அடிக்கும் என்று கத்திவிட்டு எழுந்தான். மீதி உங்களுக்குத் தெரியும்.

அதிகாரி வந்து பிள்ளைகளை எண்ணும் கணக்கெடுப்பு நாள் விடிந்தது.

மூத்தவள் அடுப்படியில் கடுகடுவென்று நின்றாள். "டீச்சர், பால் பொங்குது" என்றாள். வீட்டுக்குள் அவள் இளையவளை டீச்சர் என்று கூப்பிட்டால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். சாதாரண நாளில் "ஏய்" என்பாள். பிரியம் கூடினால் "அடியே" என்பாள். ஒரு வாரமாக டீச்சர்தான் ஓடுகிறது.

என்னைச் சாக்கிட்டுக் குழந்தையைப் பிடுங்கி நடாதே என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அதை ரோஷம் என்றுதான் இளையவள் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்த மனுஷிக்கு இருக்காதா என்ன? இரண்டு நாள் முறைப்பாள், மூன்றாம் நாள் சரியாகிவிடுவாள் என்று நினைத்தாள்.

பட்டாணிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. பெரியம்மாவின் வகுப்பில் உட்காரப் போகிறோம் என்பதே அவளுக்குக் கொண்டாட்டம். அங்கே உங்களை டீச்சர் என்று கூப்பிடுவதா, பெரியம்மா என்று கூப்பிடுவதா என்பதுதான் ஒரே சந்தேகம். உள்ளே டீச்சர், வெளியே பெரியம்மா என்றாள் மூத்தவள். "வாசல்படியில நின்னா?" என்று கேட்டது குழந்தை. மூத்தவள் ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. இளையவள் ஜன்னல் பக்கம் போனாள். கணவன் வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னான். பட்டாணி ஏறாமலே வேன் புறப்பட்டுப் போயிற்று. அவன் திரும்பி வந்து பைக் சாவியை எடுத்தான்.

"நானே கொண்டு வந்து விடறேன். உனக்காக இல்ல. அண்ணிக்காக."

இளையவளுக்கு இது சுருக்கென்று தைக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். ஆனால் அவன் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏய் நீ என்று கடைசி பெஞ்சில் கிடந்த அந்தப் பையன் முதன்முதலில் கணக்கில் தேறியது அண்ணி அந்த வீட்டுக்கு வந்த வருஷத்தில்தான். சமைத்துக்கொண்டே, கரண்டியைக் காட்டிக் காட்டி, அவனுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தாள். ஓர் ஆசிரியைக்கு ஒரே ஒரு பிள்ளை, எந்த நாட்டுக் கொள்கையும் இதுவரை எட்டிப் பிடிக்காத விகிதம். அண்ணி வீட்டை விட்டுப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தையே தூக்கிக் கொடுக்கத் துணிந்துவிட்டான்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீளமான கூடமும், அதன் ஓரத்தில் தலைமையாசிரியையின் சிறிய அறையும்தான். கூடத்தின் நடுவே இரண்டு இரும்பு பீரோக்களை நிறுத்தி இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒன்றிலிருந்து மூன்று வரை, இளையவள். அந்தப் பக்கம் நான்கும் ஐந்தும், மூத்தவள். பீரோவுக்குச் சத்தத்தைத் தடுக்கத் தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பக்கம் பாடம் நடந்தால் மறு பக்கம் எழுத்து வேலை. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி வாய் திறக்கக் கூடாது. வீட்டில் ஒரு நாளும் நடக்காத அதிசயம் அங்கே தினமும் நடந்தது.

இன்னொரு ஏற்பாடு ஜோடி வருகை. அது இளையவளின் மூளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை தனக்காகப் பதில் சொல்லாது, தன் ஜோடிக்காகச் சொல்லும். என் ஜோடி வந்திருக்கா டீச்சர். என் ஜோடிக்கு வயித்து வலி டீச்சர். என் ஜோடி வந்திருக்கான், ஆனா வீட்டுப்பாடம் எழுதல டீச்சர். இரண்டு கண் போதாத இடத்தில் பிள்ளைகளின் கண்களையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டாள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் வீட்டில் நேற்று சண்டை என்பதெல்லாம் வருகை எடுத்து முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த முறையில் ஒற்றைப் பிள்ளைக்கு இடமில்லை. எண்ணிக்கை எப்போதும் இரட்டையாகவே இருந்ததால், இது அதைக் கண்டுபிடித்தவளுக்கே தோன்றியதில்லை.

தலைகளை எண்ண வேண்டிய கல்வி அதிகாரி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சின்ன வயது, களைத்த முகம், அன்றைக்கே இன்னும் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தின் சராசரி ஓர் ஆசிரியருக்கு இருபத்தாறு பிள்ளைதான், நாட்டுக் கொள்கையைவிட நாம் ஒரு படி மேல் என்று பெருமையாகச் சொன்னார். அந்தச் சராசரிப் பிள்ளைகளை நான் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை சார் என்றார் தலைமையாசிரியை. அதிகாரி சிரித்துவிட்டார்.

அன்று ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் வந்திருந்தது. பல்வலிக்காரன்கூடக் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கணக்கு அன்றைக்கு வந்திருக்கும் தலைகளை வைத்துத்தான். முதலில் இளையவளின் பக்கம் நடந்தது. ஜோடி வருகையைக் கேட்டு அதிகாரிக்கு ஒரே ஆச்சரியம். இப்படியே எடுத்துவிடுங்கள், நான் தனியாக எண்ண வேண்டாம் என்று அடுத்த பக்கம் போனார்.

அந்தப் பக்கம் மூத்தவள் வருகை எடுக்க ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதினார்கள். இளையவள் பீரோவில் சாய்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு ஜோடியாக வந்துகொண்டிருந்தது. கடைசி ஜோடியும் வந்தது. அடுத்து பட்டாணியின் பெயர் வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

"அந்தப் பொண்ணு?" என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. பட்டாணிக்கு இன்னும் சீருடை தைக்கவில்லை. வீட்டில் போடும் கவுனில், மூத்தவளின் மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு சார்" என்றாள் மூத்தவள்.

சத்தியமான வார்த்தை. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. லீவுக்குப் பெரியம்மாவோடு வந்த குழந்தை என்று நினைத்து அதிகாரி தலையாட்டியிருப்பார் போல. அறுபது என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியையின் அறைக்குப் போய்விட்டார். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி பேசுவதில்லை என்ற பழக்கம் இளையவளின் நாக்கை அப்படியே கட்டிப் போட்டிருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் அவள் பாய்ந்து போய் மூத்தவளைக் குழாயடிக்கு இழுத்தாள். மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். மறக்கவில்லை என்றாள் மூத்தவள். இவ்வளவு ரோஷம் ஆகாது அக்கா, அவரே பெரிய மனசு பண்ணிக் குழந்தையைக் கொண்டு வந்து விட்டிருக்கிறார் என்று இளையவள் படபடத்தாள்.

"ரோஷம் இல்லடி. எனக்குப் போகணும்."

இளையவள் பிடித்து இழுத்த கையை விட்டாள்.

மூத்தவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். போன சனிக்கிழமை புருஷனோடு கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினாளே, அது கடைக்கு இல்லை. ஆற்றைத் தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார்கள். போகச் சொன்னால் எப்படிப்பட்ட இடம் என்று தெரிய வேண்டாமா என்ற எண்ணம்தான். அங்கே ஒரே ஒரு வாத்தியார். பாவம், சின்னப் பையன், தொண்டை கட்டிப்போய், விடுமுறை நாளிலும் பிள்ளைகளை வரச்சொல்லி, விசில் ஊதிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஐந்து வகுப்பும் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருந்தன.

"நான் சும்மாதான் ஓரமா நின்னேன். ஒரு பிள்ளை வந்து நோட்டை நீட்டுச்சு, கணக்கு சரியா பாருங்கன்னு. பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தா வரிசையா நிக்குதுங்க. நான் யாருன்னு ஒருத்தர்கூடக் கேட்கல. பெரிய மனுஷி ஒருத்தி சும்மா நிக்கறா, திருத்திக் கொடுப்பான்னு வந்துட்டாங்க. அந்த வாத்தியார் ஒருத்தர் எத்தனை நோட்டைப் பார்ப்பார்? இருட்டற வரைக்கும் நின்னுகிட்டே திருத்தினேன்."

இளையவளுக்குக் கண் கலங்கியது. அது பாவம்தான், ஆனால் ஊரில் உள்ள பாவத்தையெல்லாம் நாம் சுமக்க முடியுமா என்றாள். மூத்தவள் தலையை ஆட்டினாள். பாவம் பார்த்து மட்டும் இல்லை என்றாள்.

"வீட்டுல எல்லாருக்கும் நான் பெரியவ. இங்க வந்தா பீரோவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து நீ இருமினாலே நான் சொன்னது தப்போன்னு பயம் வருது. நீ நல்லதுக்குத்தான் பண்றே, எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு அந்த வராந்தாவுல எனக்கு அந்தப் பயம் இல்லடி. எனக்குன்னு ஒரு வகுப்பு வேணும்."

இத்தனை நாள் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது மூத்தவளுக்கு அப்படி இருக்கவில்லை என்பது இளையவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பீரோவுக்கு இந்தப் பக்கமிருந்து அவள் இருமியது கொஞ்சமா? வாய்ப்பாட்டுக்கு ஓர் இருமல், எழுத்துப் பிழைக்கு ஓர் இருமல். வெட்கமாக இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் போக மாட்டேன்."

இளையவள் அப்போது அழுதுகொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீங்கள் போய்விட்டால் அறுபது பிள்ளையையும் நான் ஒருத்தி வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று கேட்டாள். தன் ஆசையிலேயே மூழ்கிப்போய் அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்று மூத்தவள் உள்ளதை ஒப்புக்கொண்டாள்.

அதிகாரி இன்னும் கிளம்பவில்லை. தலைமையாசிரியை கொடுத்த காபி கையில் இருந்தது. இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். பின்னாலேயே மூத்தவளும் வந்து நின்றாள்.

"சார், கணக்கு தப்பு. அறுபத்தொண்ணு. அந்தப் பொண்ணு எங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணு."

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். காலையில் பட்டாணியைச் சேர்த்துக்கொண்டது அவர்தான். கூட்டத்துக்கும் அறிக்கைக்குமே நேரம் போதாத மனுஷி, வருகை நடக்கும்போது இன்னொரு அறிக்கையில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு ஓரகத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார். போக வேண்டியவரே ஏன் குறைத்துச் சொன்னார் என்று கேட்டார். மூத்தவள் மறைக்காமல் சொன்னாள், தனக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக விருப்பம் என்று.

அதிகாரி காபியைக் கீழே வைத்தார். வேலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகிறேன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. அப்புறம் அவர் சொன்ன விஷயம் இரண்டு பேருக்கும் தெரியாது. அறுபது என்று எழுதினால் மூத்தவளின் இடமே இந்தப் பள்ளியிலிருந்து அழிந்துவிடும், அது திரும்பி வராது. அறுபத்தொன்று என்று எழுதி, அவள் விரும்பிப் போவதாகக் கேட்டுக்கொண்டால் இடம் இங்கேயே இருக்கும். காலியாக இருக்கும், அவ்வளவுதான். காலியான இடத்துக்குப் புது ஆளை அனுப்பியாக வேண்டும்.

"எப்போ அனுப்புவாங்க சார்?" என்று கேட்டாள் இளையவள்.

"அது என் கையில இல்ல டீச்சர். ஒண்ணு மட்டும் சொல்றேன். வருகையில இப்படி ஒரு குழப்பம் வந்ததால அடுத்த வாரம் நான் மறுபடி வந்து எண்ணணும். அன்னிக்கும் அறுபத்தொண்ணு இருக்கணும். இல்லேன்னா இடம் போயிடும்."

அவர் எழுந்து போய், இந்தத் தடவை தன் விரலாலேயே ஒவ்வொரு தலையாக எண்ணினார். மூத்தவளைத் தலைமையாசிரியையோடு உட்கார வைத்து விண்ணப்பம் எழுதச் சொன்னார். அதனால் மத்தியானம் வரை கூடம் முழுவதும் இளையவளின் தலையில் விழுந்தது. பீரோவின் இரண்டு பக்கமும் ஓடினாள். இந்தப் பக்கம் அடக்கினால் அந்தப் பக்கம் பொங்கியது. தொண்டை கட்டியது. அந்த வாத்தியார் ஏன் விசில் ஊதினார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் கையில் கிரீஸோடு வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி இருக்காங்கல்ல?" என்பதுதான். ஊரில் இருக்கிறார்களா என்ற அர்த்தத்தில் கேட்டான்.

மூத்தவள் அவனை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் தானே சொன்னாள். பம்ப் ஆப்பரேட்டர் மூலையில் உட்கார்ந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தவர், பேச்சு வராதவர். "கூட்டிட்டுப் போனது நான்தான்" என்று மட்டும் சொன்னார். தம்பி அண்ணனை முறைத்தான். அண்ணியை முறைக்க அவனுக்கு வராது.

அவனுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நீங்கள் இருக்க வேண்டும் என்றுதான் குழந்தையைக் கொண்டு வந்து விட்டேன், நீங்களே போகிறீர்கள் என்றான். பரவாயில்லை, அம்மாவாவது அவள் வகுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறாளே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, பட்டாணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். புதுப் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டான்.

"நல்லாயிருக்குப்பா. பல்வலிக்காரன் எனக்கு ரப்பர் கொடுத்தான். ஆனா அம்மாதான் பார்க்கவே இல்ல. நான் மூணு தடவை கை தூக்கினேன்."

குழந்தை குறையாகக்கூடச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டு மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டது.

லிஃப்ட் மெக்கானிக் மனைவியைப் பார்க்கவில்லை. எழுந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவன் யாருக்குப் போன் செய்கிறான் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. என் பொண்ணோட சீட்டு இன்னும் இருக்கா சார் என்ற குரல் உள்ளே வரை கேட்டது. பட்டாணி வேனில் ஏறினால் அறுபது. அக்காவின் இடம் அழிந்துபோகும், புது ஆளும் வர மாட்டார். அந்தக் கூடத்தில் அவள் என்றைக்கும் ஒருத்திதான்.

அவன் போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தான். நேராக அண்ணிக்கு முன்னால் போய் நின்றான்.

"சீட்டு இருக்காம் அண்ணி. நாளைக்குக் காலையில வேன் அனுப்பறேன்னு சொல்றாங்க. ஏத்தி விடட்டுமா, வேண்டாமா?"

அவன் பெண் பார்க்கப் போனது, வேலை மாறியது, மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடியது எல்லாமே அண்ணி வாயைத் திறந்த பிறகுதான். வேண்டாம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மேல் அவன் மூச்சு விட மாட்டான். இளையவள் அந்த ஒரு வார்த்தைக்காக மூத்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூத்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போறதை நானே முடிவு பண்ணினேன் தம்பி. உன் பொண்ணு விஷயத்தை நீ முடிவு பண்ணு. அவளைப் பெத்தவ இங்கதானே நிக்கறா, அவகிட்ட கேளு. என்கிட்ட கேட்காதே."

சொல்லிவிட்டு அவள் பட்டாணியைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். பம்ப் ஆப்பரேட்டரும் செருப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

லிஃப்ட் மெக்கானிக் அண்ணி போன திசையைப் பார்த்தான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு. என்ன பண்ணலாம்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த கேள்வி அது. காலையில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லியிருப்பாள்.